ஆத்தூர் அணையில் அப்பா பிடித்த விரால்

அப்பாவுக்கு மனசு சரியில்லை என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். சின்னாளப்பட்டியில் அந்தக் காலத்தில் பொழுதுபோக்கு குறைவு. கண்ணேறு என்றாள் அடுத்த வீட்டுப் பெரியம்மா. தறித்தொழில் மந்தமாகிவிட்ட கவலை என்றார்கள் சிலர்; ஆனால் தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அப்பாவுடையதைத் தவிர. சாயப்பட்டறைப் புகை தலைக்கு ஏறிவிட்டது என்று பெரியப்பா அடித்துச் சொன்னார். பெரியப்பாவுக்கும் சாயப்பட்டறைக்காரருக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை.

வைத்தியமும் அதே மாதிரிதான் நடந்தது. அம்மா மாரியம்மன் கோயில் தீர்த்தம் கொண்டுவந்தாள். தர்காவில் ஓதிய கயிறு ஒன்று அப்பாவின் மணிக்கட்டில் ஏறியது. திண்டுக்கல் டாக்டர் சிவப்பு நிறத்தில் ஒரு டானிக் கொடுத்தார். அது இனிப்பாக இருந்ததால் நானும் பெரிய தம்பியும் யாருக்கும் தெரியாமல் அதில் பாதியைக் குடித்துத் தீர்த்தோம். அப்பா குணமாகாததற்கு அது காரணமில்லை என்பதை வெகுகாலம் கழித்து ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. காலையில் எழுந்து குளித்துவிட்டுத் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்காருவார். இரண்டு கையையும் நெய்த துணியின் மேல் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். நூல் கோத்த நாடா ஓடாது. மிதிக்கட்டை அசையாது. சாயங்காலம் வரை அப்படியே இருப்பார். காப்பி கொடுத்தால் குடிப்பார். குடிக்கும்போதே சில நாள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி டம்ளருக்குள் விழும். "என்னங்க?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அந்த "ஒண்ணுமில்ல"வைக் கேட்டுக் கேட்டு அம்மா பாதியாகிவிட்டாள்.

அப்புறம் அப்பா கிணற்றில் வழுக்கி விழுந்தார். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. தெருக்கோடிக் கிணறு அது. தெருப் பையன்களில் பாதிப் பேருக்கு நீச்சல் பழக்கிவிட்டவரே அப்பாதான். அவர் எப்படி அதில் விழுந்தார், விழுந்தவர் ஏன் நீந்தவில்லை என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. யாரோ பார்த்துக் குதித்து இழுத்துப் போட்டார்கள். மறுநாள் நான் வகுப்பில் எல்லோரிடமும் அந்தக் கிணற்றுப் படி வழுக்கும், யாரும் போகாதீர்கள் என்று எச்சரிக்கை செய்தேன்.

அதற்குப் பிறகு அம்மா தூங்குவதை விட்டுவிட்டாள். அப்பாவைத் தனியாக விடவே மாட்டாள். தண்ணீர் எடுக்கப் போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டு அப்பா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் போவாள். வீட்டில் நான் மூத்தவள். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள், சின்னவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அப்பா மறுபடி வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக என்னைக் காவல் வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

எல்லோரும் வந்து காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். காரணம் எதுவும் சொல்லாமல் வந்துகொண்டிருந்தவர் ஒருவர்தான். அப்பாவோடு திண்டுக்கல் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். பேகம்பூர்க்காரர். தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் மேஸ்திரியாக இருந்தார். அப்பாவை "மாப்ளே" என்று கூப்பிடுவார், அதனால் எங்களுக்கு அவர் மாமா. சைக்கிளை விட்டு இறங்கும் முன்பே ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த ஷாப்பு வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். அப்பா பேசுவதை நிறுத்திய பிறகு, அப்பாவுடைய பங்கையும் சேர்த்து அவரே பேசினார். ஷாப்பில் யார் யாரோடு சண்டை, எந்த ஆட்டுத்தோல் யார் தலையில் கட்டப்பட்டது, எல்லாம் சொல்வார். அப்பா கேட்கிறாரா இல்லையா என்று கவலைப்பட மாட்டார்.

ஆத்தூர் அணைக்கு மீன் பிடிக்கப் போகலாம் என்ற யோசனை அவருடையதுதான். மலையடிவாரத்தில் அப்போதுதான் அணை கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருக்கும். அதில் விரால் கையளவு, முழத்தளவு என்றெல்லாம் பேச்சு. மாமாவுக்குத் தூண்டில் பைத்தியம். ஷாப்பு லீவு நாளில் அவரை வீட்டில் பார்க்க முடியாது என்று மாமி சொல்வார்.

அம்மாவுக்குக் கேட்டவுடனே முகம் வெளுத்துவிட்டது. அடுப்படிக்குப் பக்கத்தில் அவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். நான் சின்னத் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"தண்ணிப் பக்கமாண்ணே?" என்றாள் அம்மா.

"வீட்டுக்குள்ளயே போட்டுப் பூட்டி வச்சா இன்னும் மோசமாப் போயிரும் தங்கச்சி. வெயில் படட்டும், காத்து படட்டும். நான் கூடவே இருக்கேன்ல? கண்ண மூட மாட்டேன்."

அம்மா அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு என்னைக் காட்டி, "அப்பன்னா இவளையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அணையைப் பார்க்கப் போகிறேன், அதுவும் தம்பிகள் இல்லாமல். கிளம்புவதற்கு முன் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலைவாரிக்கொண்டே சொன்னாள்: "அப்பா எங்க போனாலும் கூடவே போகணும். ஒண்ணுக்குப் போனாலும் போகணும். வேட்டிய விட்ராத. மாமா ஏதாச்சும் வேலை சொன்னாலும் போகாத. வெளங்குதா?" சீப்பு தலையில் அழுத்தி அழுத்தி ஓடியது. வலித்தது. விளங்கியது என்றேன்.

போவதற்கு முந்திய நாள் மாமா தூண்டில் சாமான்களோடு வந்தார். அவருடைய நூல் பருத்தி. ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலோடு தோலாக ஊறவைத்துக் காயவைத்த நூல், பழுப்பு நிறம். தண்ணீரில் கிடந்தாலும் இற்றுப் போகாது என்று பெருமையாகச் சொன்னார். அப்பாவுக்கு இன்னொரு தூண்டில் வேண்டும், அதற்கு நூலை அப்பாவே முறுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் மனசு அதன் பின்னால் வரும் என்று நினைத்திருப்பார்.

"மாப்ளே, நூலுக்குள்ளயே பொறந்தவன் நீ. எதக் கொண்டு கட்டுனா அறுகாது? நல்லதா ஒண்ணு முறுக்கிக் குடு."

அப்பா எழுந்து போய்ச் சேலைக்கு வைத்திருந்த செயற்கைப் பட்டு நூல்கண்டு ஒன்றை எடுத்துவந்தார். பளபளவென்று ரோஜா நிறம். தொடையில் வைத்து உருட்டி, இழை சேர்த்து முறுக்கினார். அவர் விரல்கள் அப்படி ஓடுவதைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அம்மா கதவோரம் நின்று பார்த்தாள். மாமா நூலை வாங்கி நிலைக்கதவில் மாட்டி, தன் உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தார். அறுகவில்லை. "யானையக் கட்டலாம்டா இதுல!" என்றார். அப்பா தொடையில் ஒட்டியிருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டார்.

மறுநாள் காலை இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். அப்பாவுக்கு வாடகை சைக்கிள். மாமா என்னைத் தன் கேரியரில் ஏறச் சொன்னார். நான் மாட்டேன் என்று அப்பாவின் சைக்கிளில் முன்பாரில் ஏறிக்கொண்டேன். அம்மா சொன்னதை நான் எழுத்துப் பிசகாமல் செய்தேன். செம்பட்டி தாண்டும் வரை மாமா பேசிக்கொண்டே வந்தார். சிறுமலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, எதிரே கொடைக்கானல் மலை நெருங்கியது. நடுவில் ஒரே பொட்டல், உடைமுள், காய்ந்த ஓடை. இந்த வறண்ட காட்டுக்குள் எங்கே தண்ணீர் இருக்கப்போகிறது, மாமா பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கரை மேல் ஏறியதும் வாயடைத்துப் போனேன். அவ்வளவு தண்ணீரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஓரத்தில் பனைமரங்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி செத்திருந்தன. மட்டை எல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றன. அடியில் தோட்டம், கிணறு, வரப்பு எல்லாம் அப்படியே இருப்பதாக மாமா சொன்னார். அப்பா சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்தப் பனைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா ஈர மண்ணைக் கிளறிப் புழு எடுத்தார். தவளைக் குஞ்சுகள் ஒரு டப்பாவில் முன்பே தயாராக இருந்தன. விராலுக்குத் தவளைதான் இரை, அதைத் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போவது போல் இழுக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். தூண்டில் கம்பை அப்பா கையில் கொடுத்து, அப்பாவின் கையைத் தானே பிடித்து வீசவைத்தார்.

முதல் மீன் சீக்கிரமே கடித்தது. அப்பாவின் கம்பு வளைந்தது. "இழு மாப்ளே, இழு!" என்று மாமா கத்தினார். அப்பா இழுத்தார். டப்பென்று நூல் அறுந்தது. மீனும் போயிற்று, முள்ளும் போயிற்று. அறுந்த நுனியில் ரோஜா நிறம் பிரிபிரியாகத் தொங்கியது.

மாமா அந்த நுனியைக் கையில் வைத்துக்கொண்டு நம்ப முடியாமல் பார்த்தார். "நேத்து நான் தொங்கிப் பாத்தேனடா இதுல!"

அப்பா சொன்னார்: "நனைஞ்சா அதுக்கு உசுரு கெடையாது."

சின்னாளப்பட்டியில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். காய்ந்திருக்கும்போது இரும்பு மாதிரி நிற்கிற அந்த நூல், ஈரம் பட்டால் இற்றுவிடும். எனக்கும்தான் தெரியும். ஆனால் அப்பா முறுக்கியது என்பதால் இது வேறு என்று நினைத்துவிட்டேன்.

"தெரிஞ்சுக்கிட்டா முறுக்கிக் குடுத்த? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எது அறுகாதுன்னு கேட்ட. தண்ணிக்குள்ளன்னு கேக்கலையே" என்றார் அப்பா.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தனை வார்த்தையை அப்பா ஒரே மூச்சில் பேசியே மாதக்கணக்காகியிருந்தது. அப்பா சிரிக்கவில்லை. மாமாவும் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தன்னுடைய பழுப்பு நூல் தூண்டிலை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தான் சும்மா உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு உச்சிவெயில் வரை ஒரு கெண்டைகூட வரவில்லை. அப்பா இரண்டு முறை எழுந்து மறைவாகப் போனார். இரண்டு முறையும் நான் பின்னாலேயே போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். "நீ எதுக்கும்மா வார?" என்று அப்பா கேட்டார். "அம்மா வரச் சொன்னாங்க" என்றேன். அப்பா என் தலையில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை அவிழ்த்தோம். மாமி கொடுத்தனுப்பிய ரொட்டியும், தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக வறுத்த கறியும் இருந்தன. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து நேரே தண்ணீரை நோக்கி நடந்தார். நான் சோற்றுக் கையோடு ஓடினேன். கணுக்கால், முழங்கால் என்று அப்பா உள்ளே போய்க்கொண்டே இருந்தார். வேட்டி மிதந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன், தண்ணீர் என் இடுப்புக்கு வந்துவிட்டது. பின்னால் தபதபவென்று சத்தம் கேட்டது. மாமா செருப்போடு ஓடி வந்து அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"கை கழுவ வந்தேன்" என்றார் அப்பா.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றார் மாமா. மூன்று பேரும் அங்கேயே நின்று கை கழுவினோம். மாமா கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினார். கறிப் பிசுக்குப் போகவில்லை, அதனால் என்று நினைத்தேன். அவர் இன்னும் சாப்பிட ஆரம்பித்திருக்கவே இல்லை.

மாமா அப்போதே திரும்பியிருக்கலாம். திரும்பியிருந்தால் எப்படி ஆகியிருக்கும் என்று யோசித்து யோசித்து என் ஆயுசில் பாதி போயிற்று. வெறுங்கையோடு அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போக அவருக்கு மனசில்லை. ஒரு மீன், ஒரே ஒரு மீன் அப்பா கையால் கரையேறிவிட்டால் போதும், ஆள் தேறிவிடுவான் என்று அவர் நம்பினார். நம்புவதற்கு வேறு எதுவும் அவர் கைவசம் இல்லை.

அந்த நேரத்தில்தான் மொட்டைப் பனைகளுக்குப் பக்கத்தில், தாமரைக்கொடி ஓரமாக, தண்ணீரில் ஒரு இடம் மட்டும் சிவப்பாகக் கொதித்தது. உலை கொதிப்பது போல் சின்னச் சின்னக் குமிழி. நான்தான் முதலில் பார்த்துக் கையைக் காட்டினேன். விரால் குஞ்சுகள். பார்ப்பு என்பார்கள். செக்கச்செவேலென்று, விரல்நகம் நீளத்துக்கு, நூற்றுக்கணக்கில் ஒரே உருண்டையாகச் சேர்ந்து மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தன.

மாமா பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மறுபடி பார்த்தார். பார்ப்புக்குக் காவல் நிற்கிற விராலைத் தூண்டில் போட்டுப் பிடிக்க மாட்டார்கள். குளத்து மீன்காரர்களிலிருந்து கம்மாயில் கொசுவலை போடுகிற பையன்கள் வரை எல்லோரும் அறிந்த கட்டுப்பாடு அது. பாவம் என்பது ஒன்று; பிடிப்பது ரொம்பச் சுலபம் என்பது இன்னொன்று. குஞ்சுகளுக்கு மேலே எதைப் போட்டாலும் அடியில் நிற்கிற மீன் பாய்ந்து கவ்வும். பசிக்காகக் கவ்வுவதில்லை, குஞ்சுகளிடமிருந்து விரட்டுவதற்காகக் கவ்வும். மாமாவுக்கு அது தெரியாமல் இல்லை. வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார். அப்புறம் அப்பாவின் தூண்டிலில் புதுத் தவளை ஒன்றைக் கோத்தார்.

"மாப்ளே, அந்தச் செவப்புக்கு மேல போடு. மெள்ள இழு."

அப்பா போட்டார். இரண்டாவது இழுப்பிலேயே தண்ணீர் உடைந்தது. கம்பு வில்லாக வளைந்தது. மாமாவின் பழுப்பு நூல் அறுகவில்லை. அப்பா குதிகாலை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் கொஞ்ச நேரம் அப்பா பழைய அப்பாவாக இருந்தார், சத்தியமாக இருந்தார். மீன் கரையில் விழுந்து புரண்டபோது என் முழங்கைக்கு மேலும் நீளம் இருந்தது. நான் குதித்தேன். மாமா "அல்லாஹு அக்பர்" என்று கத்திக்கொண்டு அப்பாவைக் கட்டிப் பிடித்தார்.

அப்பா மீனைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு உருண்டை சிதறிப்போயிருந்தது. குஞ்சுகள் அங்கும் இங்குமாக ஓடின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, மீன் இருந்த அதே இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன.

"இது தாயா?" என்று அப்பா கேட்டார்.

மாமா குனிந்து மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றினார். "காவலுக்கு நிக்கிறது ஆம்பளையின்னுதான் சொல்வாக" என்றார்.

"அப்ப இதுக?"

அப்பா கேட்ட விதம் இப்போதும் என் காதில் இருக்கிறது. விடை தெரிந்தே ஆக வேண்டும் என்கிற கேள்வி அது. மாமா தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டார். தான் செய்தது தப்பு என்று அவருக்குத் தெரியும். அந்தத் தப்பின் பாரம் இந்த மனுஷன் மேல் விழுந்துவிடக் கூடாது, இருக்கிற வேதனை போதாதென்று இதுவும் சேரக் கூடாது என்பதுதான் அந்த நிமிஷம் அவருக்கு இருந்த ஒரே கவலை. அப்பாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, வழக்கமான குஷிக் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னார்:

"அதுக பொழச்சுக்கிரும் மாப்ளே. பாரு, அதுக்குள்ள ஒண்ணா சேந்துருச்சுகல்ல? அம்புட்டுத்தான். நாலு நாளைக்குத் தேடும். அப்புறம் அதுக பாட்டுக்கு வளரும். தகப்பன் இருந்துதான் வளக்கணும்னு இல்ல, தண்ணியே வளத்துரும். படைச்சவன் பாத்துக்கிருவான்."

அது பொய். காவல் மீன் போய்விட்டால் பொழுது சாய்வதற்குள் கெண்டையும் கெளுத்தியும் நீர்க்காகமும் அந்தக் குஞ்சுகளை ஒன்று விடாமல் தின்றுவிடும். அதனால்தான் மாமா அவசர அவசரமாகச் சாமான்களைக் கட்டி எங்களைக் கிளப்பினார். அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்க அவர் எங்களை விடவில்லை.

"பொழச்சுக்கிருமா?" என்று அப்பா இன்னொரு முறை கேட்டார்.

"பொழச்சுக்கிரும்டா. நான் பாக்காத மீனா?"

அப்பா சிரித்தார். முகம் முழுக்க விரிந்த சிரிப்பு. "அப்பச் சரி" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார். செம்பட்டியில் நிறுத்தி எனக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தார், தம்பிகளுக்கும் வாங்கினார். மாமாவின் கதைகளுக்கு "ஆமா", "அப்படியா" என்று பதில் சொன்னார். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மீனை அம்மா கையில் கொடுத்து, "காரம் தூக்கலா வையி" என்றார் அப்பா. அம்மா மீனைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். "அப்பா சிரிச்சாரும்மா" என்றேன். அம்மா வாசலில் நின்றிருந்த மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மீன் இன்னும் அந்தக் கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே தறிச் சத்தம் கேட்டது. பாதியில் நின்றிருந்த சேலையை அப்பா நெய்து முடித்து அறுத்தார். மழைக்கு ஒழுகிய கூரையைச் சரிசெய்தார். பெரிய தம்பியை முடிவெட்டக் கூட்டிப்போனார். சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். தெருவில் மறுபடியும் காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். தான் சுற்றிப்போட்ட உப்பு மிளகாய்தான் வேலை செய்தது என்றாள் பெரியம்மா. தர்காக் கயிறு என்றார்கள், டானிக் என்றார்கள். சாயப்பட்டறைக்காரரோடு ராசியாகிவிட்டதால் பெரியப்பா மட்டும் பேசாமல் இருந்தார். அம்மா அத்தனை மாதத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள்.

அப்படி அவள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, நூல் விஷயமாகத் திண்டுக்கல் வரை போய்வருவதாக என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்பா கூடவே போக வேண்டும் என்கிற கட்டளை அதற்குள் ரத்தாகியிருந்தது. தெருமுனை வரை போய்க் கையசைத்துவிட்டு வந்தேன். அப்பா திரும்பி வரவே இல்லை.

தேடாத இடமில்லை. மாமா ஷாப்பு வேலையை விட்டுவிட்டுத் தேடினார். சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலெல்லாம் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினார். ஆத்தூர் அணைக்கரையிலேயே கிடந்தார். பழனியில் பண்டாரங்களுக்கு நடுவே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இருக்கிறார் என்றும் தெரியவில்லை, இல்லை என்றும் தெரியவில்லை. அம்மா கடைசிவரை பொட்டு வைத்துக்கொண்டாள். வைக்கும்போதெல்லாம் விரல் ஒரு கணம் நெற்றிக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் போகும்.

நாங்கள் பிழைத்துக்கொண்டோம். அம்மா தறிக்கு நூல் தார் சுற்றினாள், பெரிய தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் ஏறினான். மாமா மாதம் தவறாமல் அரிசி மூட்டையோடு வந்தார், என்னை டீச்சர் டிரெயினிங் வரை படிக்கவைத்தார். எங்கள் யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவு பேசிய மனுஷன் எங்கள் வீட்டில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். அவருக்கு ஏதோ கோபம் என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா போன புதிதில் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். தேடி அலுத்து வந்த மாமா, என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தறியின் பக்கத்தில் உட்காரவைத்தார். தாடி வளர்ந்திருந்தது. அதற்கு முன்பே பெரியப்பா, போலீஸ்காரர், தெருவில் உள்ளவர்கள் எல்லோரும் என்னைக் கேள்வி கேட்டு ஓய்ந்திருந்தார்கள். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்தவளுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று திட்டு வாங்கியிருந்தேன்.

"தாயி, நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு" என்றார் மாமா. "நீதான் அவன் கூடவே இருந்த. இந்தக் கொஞ்ச நாளா நல்லா இருந்தானே, எதுனால அப்படித் தெளிஞ்சான்? யாராச்சும் வந்து என்னமும் சொன்னாகளா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு விடை தெரிந்திருந்தது. அதுவும் மாமாவுக்குச் சந்தோஷம் தரக்கூடிய விடை. அப்பா தேறிய பெருமையை எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டார்கள், உண்மையில் அது மாமாவுக்குச் சேர வேண்டியது அல்லவா?

"நீங்க சொன்னதுனாலதான் மாமா" என்றேன். "அதுக பொழச்சுக்கிரும், தகப்பன் வேண்டாம்னு சொன்னீங்கள்ல? அதக் கேட்டுத்தான் அப்பா சிரிச்சாரு."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எல்லா வீட்டுத் தறியும் தடதடத்துக்கொண்டிருந்ததால் அவர் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கிட்டே போய், சிரித்த முகத்தோடு, உரக்க இன்னொரு முறை சொன்னேன்.